என் அடுப்பு ஏரிக்குள் இருக்கிறது

பதினோரு வருடங்களாக மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு நானும் இன்னொருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டு வருகிறோம். மேசை என்னுடையது. மற்ற நேரங்களில் அதன்மேல் அளவுக் கருவிகள் இருக்கும். மதியம் அவற்றை எடுத்து உள்ளே வைத்துவிட்டுச் செய்தித்தாளை விரித்தால் அதுவே சாப்பாட்டு மேசை. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் இரும்புச் சட்டங்களும் பிராக்கெட்டுகளும் செய்துகொடுக்கும் சிறிய கம்பெனி எங்களுடையது. நான் தரப் பரிசோதனை. அவர் டிராயிங் போடுபவர். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் ‘டிசைன் சார்’.

அவர் தயிர்சாதம் மட்டும் கொண்டுவருவார். என் குழம்பில் பாதி அவருக்குப் போகும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அன்றைய குழம்பு என்ன என்று நாட்குறிப்பில் எழுதிவைப்பது என் வழக்கம், அதில் பல நாட்களில் ‘டி.சா. மறுபடியும் கேட்டார்’ என்று இருக்கிறது. அவருடைய டிராயிங்கில் இத்தனை வருடத்தில் நான் கண்டுபிடித்த தவறுகள் இரண்டு. அதில் ஒன்று என்னுடைய தவறு என்று பிறகு தெரிந்தது.

இப்படிப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்கிறார் என்று நான் நெடுநாள் கேட்கவில்லை. அவர் வீடியோ போடுகிறார். தலையில் தொப்பி, கையில் ஒரு குச்சி, பின்னால் ஏதாவது ஓர் ஏரி. பழைய நில வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் வைத்து, இந்தத் தெரு நேற்று வரை தண்ணீர், இந்தக் கல்யாண மண்டபம் மதகு, என்று குச்சியால் காட்டுவார். அதுவரைக்கும் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. பார்ப்பவர்களும் குறைவு. போன மழைக்குப் பிறகு போட்ட வீடியோவில்தான், குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கேமராவை நேராகப் பார்த்து ஒன்று சொன்னார்.

“நீர்நிலையில கட்டின ஒவ்வொரு வீட்டையும் இடிக்கணும். ஏழை வீடு, பணக்காரன் வீடு, கோயில், சர்ச், மசூதி, எதுவா இருந்தாலும் சரி. பட்டா இருந்தாலும் சரி. மனுஷன் பாவம்தான். ஆனா தண்ணிக்குப் பட்டா தெரியாது.”

தாம்பரத்துக்குத் தெற்கே, வடக்கே, ஆற்றுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். எல்லா மதத்தவரையும் ஒரே மூச்சில் சமமாகக் கோபப்படுத்தியவர் என் அறிவில் அவர் ஒருவர்தான். சிட்லபாக்கத்தில் எங்கள் தெருச் சங்கத்தின் குழுவில் அந்த வீடியோ ஒரே நாளில் நான்கு முறை வந்தது. ஞாயிறு சர்ச்சில் ஆராதனை முடிந்து செருப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஓர் அம்மா என் அருகில் வந்து, “அந்த இடிக்கிறவர் உங்க ஆபீஸாமே?” என்றார். செருப்பின் வாரைச் சரிசெய்தேன். அந்தச் செருப்பில் வார் கிடையாது.

கம்பெனியில் விஷயம் இவ்வளவு மெத்தென்று போகவில்லை. கீழே கொட்டகையில் வெல்டிங் செய்பவர்கள் ஒன்பது பேர். அவர்களுக்கு மேஸ்திரி அனகாபுத்தூர்க்காரர், ஆற்றோரத்தில் வீடு. கையில் தீப்பொறி பட்ட தழும்புகளோடு, வாயில் ஓயாத கிண்டலோடு இருக்கும் மனிதர். ஆற்றோர வீடுகளை இடிப்பதற்காக அரசு ஆட்கள் அளந்து எண் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அவர் வீட்டுச் சுவரிலும் சிவப்பில் ஓர் எண் இருந்தது. அந்த எண் காய்வதற்குள் டிசைன் சாரின் வீடியோ வந்துவிட்டது.

அடுத்த நாளிலிருந்து கீழே அவருக்குப் பெயர் ‘ஏரி சார்’. பேச்சுவார்த்தை கிடையாது. டிராயிங்கை மாடியிலிருந்து நான்தான் கீழே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது.

“இன்னா மேடம், இந்தக் காய்தமாவது மேட்டுல போட்டதா, இல்ல தண்ணில போட்டதா?” என்பார் மேஸ்திரி.

“வேலையப் பாருங்க மேஸ்திரி.”

“பாத்துகினுதான கீறேன். வூடு இருக்கற வரைக்கும் பாப்பேன்.”

படி ஏறி வந்துவிடுவேன்.

இந்த நிலையில்தான் அந்த நாற்பது பிராக்கெட்டுகள் வந்தன. ஓர் எந்திரத்தின் இரண்டு பக்கமும் பொருத்துவது. இருபது இடக்கை, இருபது வலக்கை. கண்ணாடியில் பார்த்தால் ஒன்று மற்றொன்றாகத் தெரியும். டிராயிங்கில் இடக்கை மட்டும் வரைந்திருக்கும், மற்றதற்கு ஓரத்தில் ஒரு குறிப்பு. இது எப்போதும் குழப்பும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் எப்போதும் மேஸ்திரி படியேறி வந்து, “சார், இது எந்தக் கை?” என்று கேட்பார். டிசைன் சார் எழுந்து நின்று, தன் இரண்டு கைகளையும் நீட்டி, திருப்பிக் காட்டுவார். பார்க்க ஏதோ நடன வகுப்பு மாதிரி இருக்கும். இருவரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் வேலை தொடங்கும்.

இம்முறை யாரும் படியேறவில்லை. முதல் பிராக்கெட்டை நான் பரிசோதித்தேன். இடக்கை, அளவெல்லாம் சரி. கையெழுத்துப் போட்டேன். வியாழக்கிழமை காலை கீழே போய்ப் பார்த்தால் நாற்பதும் இடக்கை. ஒவ்வொன்றும் அழகு, ஒவ்வொன்றும் அளவுக்குள். இருபது குப்பை.

எங்கள் கம்பெனியில் ஒன்று தவறினால் ஒரு படிவம் உண்டு. குறைபாட்டு அறிக்கை. அதை நிரப்பி வைப்பது என் பொறுப்பு. அதன் நடுப்பக்கத்தில் ஐந்து கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ‘ஏன்?’ என்று அச்சடித்திருக்கும். தவறு ஏன் நடந்தது, அது ஏன், அதுவும் ஏன், என்று ஐந்து முறை கேட்டு அடிவரை போக வேண்டும். சம்பந்தப்பட்ட இருவரும் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. பல கம்பெனிகளில் முதல் கட்டத்திலேயே ‘கவனக்குறைவு’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். நான் அந்த வார்த்தையை இதுவரை எழுதியதில்லை. எங்கள் எம்.டி.க்கு என்மேல் இருக்கும் வருத்தங்களில் இதுவும் ஒன்று.

அந்த எம்.டி. வியாழன் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். முப்பத்தைந்து வயது, அப்பாவிடமிருந்து கம்பெனியை வாங்கிக்கொண்டவர், சண்டை என்றால் அறைக் கதவைச் சாத்திக்கொள்பவர்.

“மேடம், சனிக்கிழமைக்குள்ள இத முடிச்சுக் கொடுங்க. ரெண்டு பேரும் சேந்து வேலை செய்வாங்கன்னு அந்த ஃபார்ம்ல எனக்குத் தெரியணும். இல்லன்னா டிசைன் சார வேற இடம் பாத்துக்கச் சொல்லிடுவேன். டிராயிங் வெளில கொடுத்துப் போட்டுக்கலாம். மேஸ்திரி போனா ஒம்பது பேரும் போயிடுவாங்க.”

“அவர் சொன்னது கம்பெனி விஷயம் இல்லையே சார்.”

“பிராக்கெட் கம்பெனி விஷயம்தான மேடம்?”

பதினோரு வருடத்து மனிதர் அந்த ஒரு காகிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். அவரிடமும் அதை நான் மறைக்கவில்லை. மறுநாள் மதியம் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டார். அந்த வீடியோவை எடுத்துவிடலாமே என்று சொல்லிப்பார்த்தேன்.

“எதுக்கு மேடம்? தப்பா சொல்லியிருந்தா எடுத்துடலாம். சர்வே நம்பர் எல்லாம் சரியா இருக்கு.”

அவரைக் காப்பாற்றுவதில் உள்ள சிரமம் இதுதான்.

வெள்ளிக்கிழமை மூன்று பத்துக்கு இருவரும் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். மேஸ்திரி நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டுக்கொண்டு என்னை மட்டும் பார்த்தார். நான் படிவத்தை விரித்தேன்.

“வலக்கை இருபது ஏன் செய்யல?”

“எது எந்தக் கைன்னு தெரில மேடம்.”

எழுதினேன். “ஏன் தெரியல?”

“கேக்கல.”

“ஏன் கேக்கல?”

“அத்த ஏன் என்கிட்ட கேக்குற மேடம்? நா அவராண்ட பேசறதில்ல.”

இங்கே நான் பேனாவை ஒரு கணம் நிறுத்தினேன். வாடிக்கையாளரின் கம்பெனியிலிருந்து தரத்தைச் சோதிக்க வரும் ஆடிட்டர் இதைப் படிப்பார். யோசித்து, ‘இருவருக்கும் வேலைக்கு வெளியே ஒரு கருத்து வேறுபாடு’ என்று எழுதி, உரக்கப் படித்துக் காட்டினேன்.

“அது சரியில்ல மேடம்,” என்றார் டிசைன் சார். “அவங்க வீட்ட இடிக்கணும்னு நான் சொன்னேன். அப்படியே எழுதுங்க.”

“அக்காங் மேடம்,” என்றார் மேஸ்திரி, முதல் முறையாக நாற்காலியை நேராகத் திருப்பி. “சொன்னத எழுது. கருத்து வேறுபாடாம். கூரைக்கும் கடப்பாரைக்கும் கருத்து வேறுபாடா?”

அந்த வாரத்தில் இருவரும் ஒன்றாக ஒப்புக்கொண்ட முதல் விஷயம் அது. அடித்துவிட்டு அப்படியே எழுதினேன்.

“நான் உங்க வீட்டன்னு சொல்லல மேஸ்திரி. எல்லா வீட்டையும் சொன்னேன்,” என்றார் டிசைன் சார்.

“அதுல என் வூடு கீதா, இல்லியா?”

“இருக்கு.”

ஒரு தயக்கம்கூட இல்லை. எனக்கே கோபம் வந்தது. மேஸ்திரி தாடையைத் தேய்த்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

“வூடு வாங்காத ஆளு நீ. உனக்கு இன்னா தெரியும்?”

அது உண்மை. டிசைன் சார் இருபது வருடங்களாக வீடு தேடுகிறார். மேற்குத் தாம்பரத்தில் வாடகை வீடு. எந்த மனையைப் பார்த்தாலும் முதலில் பழைய வரைபடத்தை எடுப்பார். ஓரிடத்தில் ஏரி, ஓரிடத்தில் வாய்க்கால், ஓரிடத்தில் குளத்தின் கரை. கடைசியாகப் பார்த்த இடம் தண்ணீருக்குச் சம்பந்தமே இல்லாதது, ஆனால் பழைய சுடுகாடு. அவருடைய மனைவி அந்த வரைபடங்களை ஒருநாள் பழைய பேப்பர்காரரிடம் போடப்போவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

“சரி, என் வூட்ட வுடு,” என்றார் மேஸ்திரி. “மேடம் வூடு இன்னா? அதான் சிட்லபாக்கத்துல ஏரி பக்கத்துல கீதே?”

டிசைன் சார் வாயைத் திறந்தார், மூடினார். அவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. மேசை ஓரத்தில் இருந்த என் சாப்பாட்டுக் கேரியரைப் பார்த்தார்.

“சொல்லு சார். எல்லா வீடும்னியே.”

“மேடம் வீடு பாதி.”

“பாதின்னா?” என்றேன் நான்.

“ஹால், ரெண்டு ரூம், எல்லாம் ஏரி எல்லைக்கு வெளில மேடம். சமையலறை உள்ள. முழுசா இல்ல. அடுப்பு உள்ள இருக்கு. ஃபிரிட்ஜ் வெளில.”

நான் பேனா மூடியைத் தேடினேன். அது பேனாவிலேயே பின்பக்கம் செருகியிருந்தது.

மேஸ்திரி முதலில் மெதுவாகத்தான் சிரித்தார். பிறகு தொடையில் தட்டினார். பிறகு எழுந்து ஜன்னலுக்குப் போய்க் கீழே கொட்டகையைப் பார்த்துக் கத்தினார்: “டேய்! ஏரி சாரு இத்தினி வருசமா ஏரிக்குள்ள ஆக்குன கொயம்பத் துன்னுகினு கீறாருடா!”

கீழே வெல்டிங் சத்தம் நின்றது.

“சாப்பாடு வேற, சர்வே வேற,” என்றார் டிசைன் சார், காது சிவந்து.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “எப்பலேருந்து தெரியும் சார்?”

“அந்த ஏரியோட மேப் போட்டப்பவே. ஆறு வருஷம் இருக்கும். ஹவுஸ்வார்மிங்குக்கு வந்திருந்தேன்ல, உங்க பிளான் ஞாபகம் இருந்துது.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கலையே மேடம்.”

அந்தப் பதிலைக் கேட்டதும் என் வேலை மூளை விழித்துக்கொண்டது. நான்காவது கட்டம் காலியாக இருந்தது. “சார், இடக்கையாவே போயிட்டிருக்குன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?”

அவர் மேசையைப் பார்த்தார். “புதன்கிழமை. படி வரைக்கும் வந்தேன். இருபத்தஞ்சு இருந்துது, எல்லாம் ஒரே கை. கீழ இறங்கினா ஏதாவது சொல்வாங்கன்னு திரும்பிப் போயிட்டேன்.”

“பாத்தியா சார்!” என்றார் மேஸ்திரி. “பாத்துட்டு சொல்லாம போய்ட்டியா?”

“நீங்க கேக்கல.”

“ஊரு உலகத்துக்கெல்லாம் கேக்காமயே சொல்ற. இங்க படி இறங்கி ஒரு வார்த்த சொல்ல முடில.”

“அத எழுதிக்குங்க மேடம்,” என்றார் டிசைன் சார்.

எழுதினேன். ஐந்தாவது கட்டத்தில் அடிக்காரணமாக நான் எழுதியது: ‘டிராயிங் போடுபவர் கேட்காமல் சொல்வதில்லை. வெல்டிங் செய்பவர் கோபம் வந்தால் கேட்பதில்லை.’ அதன் கீழே திருத்த நடவடிக்கை: ‘ஒவ்வொரு புது வேலைக்கும் டிராயிங் போடுபவர் கீழே போய்த் தானாகச் சொல்ல வேண்டும். வெல்டிங் மேஸ்திரி, கோபமாக இருந்தாலும், ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும்.’ இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மேஸ்திரி ‘கோபமாக இருந்தாலும்’ என்பதை விரலால் தொட்டு, “இது கண்டிப்பா இருக்கும்,” என்றார்.

சனிக்கிழமை எம்.டி. அதைப் படித்தார். மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும் கண்களை மூடிக்கொண்டார்.

“ஆடிட்டர் படிப்பாரே மேடம்.”

“படிக்கட்டும் சார். நடந்ததுதான் இருக்கு.”

அவர் கையெழுத்துப் போடாமல் மேஸ்திரியைக் கூப்பிட்டு அனுப்பினார். “அவர் இங்க இருந்தா உங்களுக்குப் பரவால்லயா, மேஸ்திரி? நேரா சொல்லுங்க.” டிசைன் சார் அறை வாசலில் நின்றிருந்தார். நான் பக்கத்தில்.

மேஸ்திரி அவசரப்படவில்லை. எங்கள் மூவரையும் கொஞ்சம் காக்கவைப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்று நினைக்கிறேன்.

“இருக்கட்டும் சார். ஆனா மேடத்துக்குச் சொன்னா மாதிரி, என் வூடு எவ்ளோ உள்ள கீதுன்னு அளந்து சொல்லணும். அந்த நம்பர் எழுதிட்டுப் போனவனுங்க ஒண்ணும் சொல்லல. கேட்டா, வரும் வரும்னு போய்ட்டானுங்க. இவரு பொய் சொல்ல மாட்டாரு. அது தெரியும்.”

எம்.டி. கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நானும் போனேன். அனகாபுத்தூரில் என் ஸ்கூட்டர்கூடத் திரும்ப முடியாத சந்து. டிசைன் சார் தொப்பி போட்டிருந்தார், குச்சியைக் கொண்டுவரவில்லை. டேப்பின் ஒரு முனையை மேஸ்திரி பிடித்தார், மறுமுனையை அவர். அளவுகளை நான் எழுதினேன். இருவரும் பேசியதெல்லாம் “இன்னும் கொஞ்சம்”, “புடிச்சிக்கோ சார்”, “விடாதீங்க” இவ்வளவுதான். வரைபடத்தில் வைத்துப் பார்க்க இருபது நிமிடம் ஆனது.

“முழுசா உள்ள,” என்றார் டிசைன் சார்.

“முழுசாவா?”

“முழுசா. வாசப்படியும்.”

மேஸ்திரி சுவரில் இருந்த சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் காகிதத்தை மடித்தேன், பிரித்தேன். மேஸ்திரியின் மனைவி டீ கொண்டுவந்து டிசைன் சாரின் முன்னால் நீட்டினார். “இதுவும் உள்ளதான் சார் போட்டது. குடிப்பீங்களா?”

அவர் வாங்கிக் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, இந்த அளவுக் காகிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். மாற்று இடம் தருவதாக யாராவது வந்தால், இத்தனை அடி வீடு இங்கே இருந்தது என்று காட்ட உதவும் என்றார். இதை அவரிடம் யாரும் கேட்கவில்லை.

“இடிக்கணும்னு இன்னமும் சொல்லுவியா?” என்றார் மேஸ்திரி.

“சொல்லுவேன்.”

“வீடியோல என் வூட்டக் காட்டுவியா?”

“மாட்டேன்.”

“ரெண்டையும் வச்சிகினு எப்டி சார் தூங்குற?” என்று கேட்டுவிட்டு, அவரே டம்ளரை வாங்கி உள்ளே கொடுத்து, இன்னொரு டீ போடச் சொன்னார்.

அன்று டிசைன் சாரிடம் ஏரி வரைபடத்தின் நகலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து நான் சமையலறையை அளந்தேன். டிசைன் சார் சொன்னது சரி. ஏரியின் எல்லைக் கோடு அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில், மிக்ஸி வைத்திருக்கும் இடத்துக்கு நேராகப் போகிறது. சாக்பீஸால் மெல்லிசாகப் போட்டுவைத்தேன். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்க ஃபிரிட்ஜைத் திறக்கும்போது மட்டும் சட்டப்படி வாழ்கிறோம் என்றார். வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படித்தேன். அதில் ஏரி என்ற சொல்லே இல்லை. என் பெயர்தான் நான்கு இடத்தில் இருக்கிறது. நான் அந்த வீட்டை விடமாட்டேன். மேஸ்திரியும் விடமாட்டார். அவர் சுவரில் எண் இருக்கிறது, என் சுவரில் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான் என்று அன்று தோன்றியது. அதை நாட்குறிப்பில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் உண்டு: ஒரு மாதம் கழித்து, எடுத்த நடவடிக்கை பலன் தந்ததா என்று நேரில் பார்த்து எழுத வேண்டும். ஒரு மாதம் கழித்துக் கீழே போனேன். மறுபடியும் அதே பிராக்கெட் வந்திருந்தது. படியடியில் டிசைன் சார் இரண்டு கைகளையும் நீட்டித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்.

“கேக்காமயே சொல்றேன், இது வலக்கை.”

“எவன் சொன்னான் வலக்கைன்னு? உன் வலக்கையா, என் வலக்கையா? கோவமாத்தான் கேக்கறேன், எயுதிக்கோ மேடம்.”

“சிவப்பு எண் என்னாச்சு?” என்று நான் மேஸ்திரியிடம் தனியாகக் கேட்டேன்.

“அப்டியே கீது. யாரும் வர்ல,” என்றார். “கொயம்பு இன்னா மேடம் இன்னிக்கி? கரையிலயா, தண்ணிலயா?”

மேலே வந்து அந்தக் கட்டத்தில் ‘பலன் உண்டு’ என்று எழுதினேன். பன்னிரண்டு நாற்பதுக்குச் செய்தித்தாளை விரித்தேன். அன்றைய நாட்குறிப்பில் இருப்பது: பிராக்கெட் வேலை தொடங்கியது, இருபது இடக்கை, இருபது வலக்கை. சண்டை ஒன்பது பத்திலிருந்து ஒன்பது முப்பத்தைந்து வரை. கத்தரிக்காய்க் குழம்பு. டி.சா. மறுபடியும் கேட்டார்.